கூட்டத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன இருளாயி அம்மாள்

இருளாயி அம்மாள் இறந்த செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி வாக்கில் எனக்கு வந்தது. கருவேந்தல் பள்ளியின் தலைமையாசிரியை கலைச்செல்வி கைப்பேசியில் கூப்பிட்டார். பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சார், நம்ம இருளாயி அம்மா விடியக்காலம் போயிட்டாக," என்றார். பிறகு அவரே சொன்னார்: "பிள்ளைகளை மத்தியானத்தோட விட்டுரலாமான்னு அவுக மகன்கிட்டக் கேட்டேன். வேணாம் டீச்சர், பள்ளிக்கூடம் விட்டதுக்கப்புறமே எடுக்குறோம், அம்மா அதத்தான் சொல்லியிருக்கும்னுட்டாரு."

முதுகுளத்தூர்ப் பேருந்தைப் பிடித்து நான் கருவேந்தல் போய்ச் சேர்ந்தபோது நாலரை மணி. தெரு முழுக்க ஆசிரியர்கள். ஓய்வு பெற்றவர்கள், மாற்றலாகி வெகுதூரம் போனவர்கள், இன்னும் பணியில் இருந்து நாலு மணி அடித்ததும் ஓடி வந்தவர்கள். ஒரு விவசாயக் கூலிப் பெண்ணின் இறப்புக்கு இத்தனை ஆசிரியர்கள் வந்து நான் பார்த்ததில்லை. அவர்களில் சிலருக்கு ஒரு காலத்தில் அவர் மேல் கடுமையான கோபம் இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். அவரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்தவற்றோடு, எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றிரண்டையும் சொல்லிவிட வேண்டும். அவற்றில் ஒன்று எனக்குப் பெருமை தருவது இல்லை.

நான் எழுபத்துநான்கில் ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவன். என் பணிக்காலத்தில் பல வருஷங்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களே இல்லாமல் தனி அலுவலர்களைக் கொண்டு ஒன்றியம் நடந்தது. கோப்பு வரும், கையெழுத்தாகும், போகும். கேள்வி கேட்க ஆள் இல்லாத அலுவலகத்தில் வேலை பார்ப்பது ஒரு சுகம். அந்தச் சுகத்துக்கு நான் நன்றாகவே பழகியிருந்தேன். தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. பெண்களுக்கு ஒதுக்கிய ஒரு வார்டில் ஜெயித்து ஒன்றியக் கவுன்சிலராக வந்தவர் இருளாயி அம்மாள். மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசிப்பார். அப்போது அவருக்கு என் வயதுதான், ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம்.

உறுப்பினர்களைக் குழுக்களுக்குப் பிரித்தபோது கல்விக் குழுவை யாரும் கேட்கவில்லை. அதில் சாலை இல்லை, பாலம் இல்லை, யாருக்கும் ஒப்பந்தம் கொடுக்க வழியில்லை. கடைசியில் மிச்சமிருந்தவர்களைச் சேர்த்து ஐந்து பேர் கொண்ட குழுவாக்கி, இவரைத் தலைவராகப் போட்டார்கள். பள்ளிக் கட்டடம் ஒன்றியத்துக்குச் சொந்தம். ஆசிரியர்களோ கல்வித் துறைக்கு உட்பட்டவர்கள். எந்தக் குறை வந்தாலும் நாங்கள் அவர்களைக் கைகாட்டுவோம், அவர்கள் எங்களைக் கைகாட்டுவார்கள்.

குழுவின் எழுத்து வேலை என்னுடையது. முதல் மாதம் வழக்கம்போல நானே தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடித்து, உறுப்பினர்களை டீக்கடையிலும் வீட்டிலுமாகப் பார்த்து நான்கு கையெழுத்து வாங்கிவிட்டேன். ஐந்தாவதுக்குக் கருவேந்தல் போனேன். அவர் மிளகாய்க் கொல்லையில் பழம் எடுத்துக்கொண்டிருந்தார். வரப்புக்கு வந்து, கையில் மிளகாய்க் காரம் இருக்கிறதென்று புத்தகத்தைத் தொடாமல் நின்றார்.

"என்ன எழுதியிருக்கு, படிங்க சார்."

படித்தேன். கல்விக் குழு கூடியது, ஒன்றியப் பள்ளிகளின் நிலை விவாதிக்கப்பட்டது, திருப்திகரமாக உள்ளது எனப் பதிவு செய்யப்பட்டது.

"எப்பக் கூடுனோம்?"

"இது வழக்கமா எழுதுறதுதாம்மா."

"எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஓடு சரிஞ்சு கெடக்கு. பிள்ளைக வேப்பமரத்தடியில உக்காந்திருக்குதுக. அதுவும் திருப்தியில சேந்ததா?"

நான் புத்தகத்தை மூடினேன். அவர் கோபப்படவில்லை. "கூடாத கூட்டத்துக்கு நான் கையெழுத்துப் போட்டேன்னா, கூடுற கூட்டத்துல என் பேச்ச யாரு சார் கேப்பா?" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி கொல்லைக்குள் இறங்கிவிட்டார். வெயிலில் பேருந்து நிறுத்தம் வரை நடந்து திரும்பினேன். எரிச்சலாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் அலுவலகத்துக்கு வந்தவர், பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுகிற கூட்டத்தைப் பள்ளிக்கூடத்திலேயே வைத்தால் என்ன என்று கேட்டார். விதியைப் புரட்டிப் பார்த்தேன். கூடாது என்று எங்கும் இல்லை. ஆணையரும் சிரித்துக்கொண்டே சரி என்றார். மாதம் ஒரு பள்ளி, காலை ஒன்பதரை மணி என்று முடிவாயிற்று.

முதல் கூட்டத்துக்கு ஐந்து உறுப்பினர்களும் வந்துவிட்டார்கள். பள்ளி பூட்டியிருந்தது. பிள்ளைகள் வாசலில் புழுதியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பத்து மணிக்கு ஒரு பேருந்து வந்து நின்றது. இரண்டு ஆசிரியர்களும் அதிலிருந்து இறங்கினார்கள். உறுப்பினர்களில் கருவேந்தல் தங்கவேல் பக்கத்து வார்டில் ஜெயித்தவர், பெரிய நிலக்காரர், எதையும் சத்தமாகச் சொல்லிப் பழகியவர். "இப்பவே துறைக்கு எழுதிப் போடுங்க சார். ரெண்டு பேரையும் தூக்குனாத்தான் புத்தி வரும்," என்றார். இருளாயி அம்மாள் ஆசிரியர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இதுக்கு முந்துன பஸ்ஸு இல்லையா?"

"இதுதாம்மா மொத பஸ்ஸு."

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. அந்தப் பேருந்து காலையில் புறப்படும் இடத்துக்கே போய் ஏறிவிட்டார். விடிந்ததும் முதல் நடையாக அது ஆலவயல் என்ற ஊருக்குப் போகும். அங்கே திரும்பும் இடத்தில் இருபது நிமிஷம் சும்மா நிற்கும். பிறகு நகரத்துக்கு வந்து, ஓட்டுநரும் நடத்துநரும் காலைச் சாப்பாடு சாப்பிட அரை மணிக்கு மேல் நிற்கும். அதன் பிறகே எங்கள் பக்கம் கிளம்பும். ஆலவயலில் ஏன் சாப்பிடுவதில்லை என்று ஓட்டுநரைக் கேட்டிருக்கிறார். அங்கே பேச்சியம்மாள் என்பவரின் இட்லிக் கடை ஒன்றுதான் உண்டு, அதுவும் எட்டு மணிக்குத்தான் திறக்கும் என்றிருக்கிறார் அவர். இவர் அங்கேயே இறங்கிப் பேச்சியம்மாளைப் பார்த்து, ஆறரைக்கு அடுப்பைப் பற்ற வைக்க முடியுமா என்று கேட்டுவிட்டுத்தான் ஊர் திரும்பினார்.

மூன்று தலைமையாசிரியர்களைக் கூட்டிக்கொண்டு பணிமனைக்குப் போனபோது நானும் உடன் இருந்தேன். மேலாளர் முதலில் முகம் கொடுக்கவில்லை. "பஸ் நேரத்தை மாத்துறது லேசுல்லம்மா" என்றார். "வண்டிய ஒண்ணும் செய்ய வேணாம் சார். அவுக சாப்புடுற எடத்த மாத்துனாப் போதும். ஏழு பள்ளிக்கூடம் நேரத்துக்குத் தொறக்கும்," என்றார் இவர். மேலாளர் சிரித்துவிட்டார். ஒன்றியத்திலிருந்து ஒரு தீர்மானம் மட்டும் வேண்டும் என்றார். இருபத்திரண்டு வருஷப் பணியில், உண்மையாகவே நடந்த ஒரு கல்விக் குழுக் கூட்டத்தைப் பற்றி நான் எழுதிய முதல் தீர்மானம் ஓர் இட்லிக் கடையைப் பற்றியது.

பேருந்து அரை மணிக்கு மேல் முந்தி வந்தது. பள்ளிகள் நேரத்துக்குத் திறந்தன. அதில் எல்லா ஆசிரியர்களுக்கும் மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. சிலருக்கு அந்தப் பேருந்து நல்ல சாக்காக இருந்துவந்தது.

அவர் தவறே செய்யாதவர் என்று எழுதினால் அவரே ஒப்புக்கொள்ளமாட்டார். ஒருமுறை ஒரு பள்ளியில் குழு நுழையும்போது இளம் ஆசிரியை ஒருவர் மேசையில் தலை கவிழ்ந்து கிடந்தார். "ஒறங்கவா சம்பளம்?" என்று பிள்ளைகளுக்கு முன்னாலேயே இவர் கேட்டுவிட்டார். ஆசிரியை அழுதுவிட்டார். அவர் மூன்று மாதக் கர்ப்பிணி, காலையிலிருந்து வாந்தி என்று பிறகு தெரிந்தது. மறுநாளே இருளாயி அம்மாள் அந்த ஊருக்கு நடந்து போய், அதே வகுப்பில் அதே பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, "நேத்து நான் டீச்சரப் பேசுனது தப்பு. நீங்க எல்லாரும் கேட்டீகள்ல, இதையும் கேட்டுக்கங்க," என்று சொல்லியிருக்கிறார். அந்த ஆசிரியைதான் எனக்குச் செய்தி சொன்ன கலைச்செல்வி.

இரண்டாம் வருஷம் கருவேந்தல் பள்ளிக்குப் புதுக் கட்டடம் அனுமதியாயிற்று. எங்கே கட்டுவது என்பதில்தான் எல்லாம் தொடங்கியது. பழைய பள்ளி மேலத்தெருவுக்கு உள்ளே, தங்கவேல் வீட்டு மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் இருந்தது. இருளாயி அம்மாள் குடியிருந்த கீழத்தெரு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். கீழத்தெருப் பிள்ளைகள் மேலத்தெருவைக் கடந்துதான் பள்ளிக்குப் போக வேண்டும். முதல் இரண்டு வகுப்பில் நிறையப் பேர் இருப்பார்கள், நான்காம் வகுப்பில் விரல் விட்டு எண்ணலாம். குழுவில் இரண்டு பேர் பழைய இடம் என்றார்கள். இரண்டு பேர் கீழத்தெரு என்றார்கள். முடிவு தலைவர் கையில் இருந்தது. அவர் தம் தெருவுக்குத்தான் கொண்டுபோவார் என்று எல்லோரும் நினைத்தோம்.

அவர் மூன்றாவதாக ஓர் இடத்தைச் சொன்னார். இரண்டு தெருவுக்கும் நடுவில், தார்ச்சாலை ஓரத்தில் ஒரு மேடு. அரசு புறம்போக்கு. ஆனால் மூன்று தலைமுறையாகத் தங்கவேல் குடும்பம் அதில்தான் மிளகாய் காய வைத்துவந்தது. ஊரில் அதற்குப் பெயரே தங்கவேல் களம்.

"எங்க தெருவுல கட்டுனா மேலத்தெருப் பிள்ளை வராது. மேலத்தெருவுல கட்டுனா எங்க பிள்ளை நிக்காது. ரெண்டும் ஒண்ணா உக்காரலைன்னா அது எதுக்குப் பள்ளிக்கூடம்?" என்றார். முடிவை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தார்.

இப்போது நான் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்துத் தங்கவேல் அலுவலகத்துக்கு வந்தார். "பழைய எடத்துலயே கட்டுறதுன்னு முடிவாச்சுன்னு எழுதிருங்க சார். மத்தவுக கையெழுத்த நான் வாங்கித் தாரேன். அந்தம்மா எங்க கொல்லைக்கு வேலைக்கு வாரதுதான், நான் பேசிக்கிறேன்," என்றார். மேலிடத்திலும் அவருக்குச் செல்வாக்கு உண்டு. நான் எழுதினேன். ஒரு பக்கம் முழுவதும் எழுதினேன். இருளாயி அம்மாள் பணிந்துவிடுவார், எனக்கும் பிரச்சினை தீரும் என்று நினைத்துக்கொண்டு புத்தகத்தோடு கருவேந்தலுக்குப் போனேன்.

அவர் வீட்டு வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். கோடாலியைக் கீழே வைத்துவிட்டு, "படிங்க சார்," என்றார். முதல் வரியைப் படித்தேன். இரண்டாவது வரி வாயில் வரவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை.

"கிழிச்சிரவாம்மா?"

"கிழிச்சிராதீக. குறுக்க ஒரு கோடு போட்டு, இது நடக்கலன்னு எழுதி, கீழ நீங்களே கையெழுத்துப் போடுங்க."

"பின்னால யாராவது பாத்தா என் வேலைக்கு வினையாகும்மா."

"அடிச்சதுக்கு யாரும் கேக்கமாட்டாக சார். அடிக்காம விட்டாத்தான் கேப்பாக."

அங்கேயே, அவர் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து கோடு போட்டுக் கையெழுத்திட்டேன். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தங்கவேலிடம், "சார் எழுத முடியாதுன்னுட்டாரு" என்று எனக்கு மரியாதை வருகிற மாதிரி சொல்லியிருக்கிறார். எனக்கு அதற்குத் தகுதி இல்லை. ஆனால் அதன் பிறகு பொய்யாக ஒரு வரி எழுத எனக்குக் கை வரவில்லை.

அந்தப் பருவம் முழுக்கத் தங்கவேல் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. இருளாயி அம்மாள் இரண்டு ஊர் தாண்டி நடந்து போய்க் கூலி வேலை பார்த்தார். கீழத்தெருவிலும் அவருக்கு நிம்மதி இல்லை. "நம்ம தெருவுக்குப் பள்ளிக்கூடம் கொண்டாரத்தான ஓட்டுப் போட்டோம், நீ நடுரோட்டுல கட்டச் சொல்றியாக்கும்," என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள். எப்படித் தாங்குகிறீர்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். "கொல்லையிலதான சார் அவரு மொதலாளி. குழுவுல அவரும் நானும் உறுப்பினருதான," என்றார். தெருக்காரர்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அந்த வலிதான் அவருக்குப் பெரியது என்று நினைக்கிறேன்.

அடுத்த கூட்டம் பங்குனி வெயிலில் கருவேந்தலில் நடந்தது. எல்லோரும் கீழத்தெருக் கடைசி வீட்டிலிருந்து பழைய பள்ளி வரை நடந்து பார்க்கலாம் என்றார் தலைவர். "நம்ம நடை வேணாம். பிள்ளை நடைக்கு நடப்போம்" என்று ஒன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமியை முன்னால் விட்டார். தங்கவேல் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கீழத்தெருவுக்குள் அவர் கால் வைத்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

சிறுமி பையை ஆட்டிக்கொண்டு பேசியபடியே வந்தாள். வாய்க்காலைத் தாண்டினோம். மேலத்தெரு முனை வந்ததும் அவள் பேச்சை நிறுத்தினாள். குனிந்து இரண்டு செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி நடக்கத் தொடங்கினாள்.

யாரும் அவளிடம் சொல்லவில்லை. சுற்றி இருந்த பெரியவர்கள் எல்லோரும் நின்றுவிட்டோம். நாங்கள் வராததைக் கண்டு அவளும் நின்று திரும்பிப் பார்த்தாள். மண் சுட்டதால் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

தங்கவேல்தான் கேட்டார். "ஏத்தா செருப்பக் கழட்டுன?"

"எங்கம்மா சொல்லியிருக்கு."

இப்படி நடக்கும் என்று தெரிந்துதான் அந்தப் பிள்ளையை அழைத்து வந்தீர்களா என்று பல வருஷம் கழித்து இருளாயி அம்மாளைக் கேட்டேன். "எங்க தெருப் பிள்ளை எல்லாம் அப்பிடித்தான் சார் போகும். நானும் அப்பிடித்தான் மூணாப்பு வரைக்கும் போனேன். எந்தப் பிள்ளையக் கூட்டியாந்தாலும் நீங்க அதத்தான் பாத்திருப்பீக," என்றார்.

பழைய பள்ளி வரை நாங்கள் போகவில்லை. தங்கவேல் வாய்க்கால் பாலத்துச் சுவரில் போய் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தபடி வெகுநேரம் இருந்தார். பிறகு, "களத்த எடுத்துக்கங்க. ஆனா கல்லுல எங்க அய்யா பேரு இருக்கணும், நெலம் குடுத்தவருன்னு," என்றார்.

நான் இருளாயி அம்மாள் காதருகே, அது சர்க்கார் நிலம், கொடுப்பதற்கு அவருக்கு என்ன உரிமை என்றேன். "அவரு விட்டாத்தான சார் அது சர்க்கார் நெலம்," என்றார் மெதுவாக. பிறகு தங்கவேலுக்கு எதிரே போய் நின்றார்.

"கல்லு வச்சுக்கங்க அய்யா. நானும் ஒண்ணு கேக்குறேன். பழம் எடுக்குற மாசத்துல பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள வேலைக்கு விடாதீக."

"நானா கூப்புடுறேன்? ஆத்தாளுகதான் கூட்டியாராளுக."

"நீங்க வேணாம்னுட்டா கூட்டியாரமாட்டாக."

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். கிளம்பும்போது யாரையும் பார்க்காமல் "சரி" என்றார். அந்தச் சொல்லை அவர் காப்பாற்றினார். அடுத்த பருவத்தில் இருளாயி அம்மாளையும் ஒன்றுமே நடக்காததுபோல வேலைக்குக் கூப்பிட்டனுப்பினார். இவரும் ஒன்றுமே நடக்காததுபோலப் போனார்.

பிள்ளைகள் கொல்லைக்கு வராததில் தாய்மார்களுக்குத்தான் கோபம். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவே மூத்த பெண் பிள்ளையை அவர்கள் அழைத்துப் போனார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. "பிள்ளையப் பாக்க ஆளில்லாம பிள்ளையப் படின்னா எப்பிடி?" என்று ஒருத்தி கூட்டத்திலேயே கேட்டாள். அது நியாயம் என்றார் இருளாயி அம்மாள். பால்வாடியைப் பழம் எடுக்கும் மாதங்களில் எட்டு மணிக்கே திறக்க வைக்க அவர் அலைந்த அலைச்சலை நான் அறிவேன். இரண்டு வருஷம் ஆனது. திறந்தார்கள்.

மேட்டில் கட்டடம் எழுந்தது. வாசலில் தங்கவேலின் தகப்பனார் பெயர் பொறித்த கல்லும் இருக்கிறது. முதல் நாள் இரண்டு தெருப் பிள்ளைகளும் உள்ளே போய்த் தனித்தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். உயரப்படி உட்கார வையுங்கள் என்று ஆசிரியரிடம் இருளாயி அம்மாள் சொன்னார். அவ்வளவுதான், கலந்துவிட்டார்கள்.

இரண்டாயிரத்து ஒன்றில் அவர் மறுபடி நின்றார். தோற்றார். கீழத்தெருவிலேயே ஓட்டுக் குறைந்திருந்தது. எனக்கு மனம் ஆறவில்லை. அடுத்த கல்விக் குழுக் கூட்டம் எந்தப் பள்ளியில் என்று கேட்டு அவர் எனக்குச் சொல்லி அனுப்பினார். அன்று காலை தாய்மார்களோடு தரையில் உட்கார்ந்திருந்தார். புதிய தலைவர் சங்கடப்பட்டு நாற்காலி போடச் சொன்னார். "நான் உறுப்பினரா வரலைங்க, ஊர்க்காரியா வந்தேன். நீங்க நடத்துங்க," என்றார். அதற்குப் பிறகு வந்த குழுக்களும் பள்ளிகளில்தான் கூடுகின்றன. அலுவலகத்தில் கூடினால் யாராவது கேட்டுவிடுவார்கள் என்ற பயம் இன்றைக்கும் இருக்கிறது. கருவேந்தல் இப்போது எட்டாம் வகுப்பு வரை உள்ள நடுநிலைப்பள்ளி. கீழத்தெருவிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போகாத பெண் பிள்ளை யாரும் இல்லை என்று கலைச்செல்வி சொல்கிறார். செருப்பைக் கழற்றி நடந்த அந்தச் சிறுமி முதுகுளத்தூரில் மேல்நிலைப் படிப்பை முடிக்கப்போகிறாள். இருளாயி அம்மாள் இறந்த அன்று அவள் பெண்களோடு நின்று அழுதுகொண்டிருந்தாள்.

கடைசியாக நான் அவரைப் பார்த்தது தை மாதத்தில். சிறுநீரகம் கெட்டுப்போய்க் கட்டிலில் கிடந்தார். முகம் வீங்கியிருந்தது. நான் ஓய்வு பெற்று மகளோடு நகரத்தில் குடியிருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"ஒங்க தெருவுல பள்ளிக்கூடம் இருக்கா?"

"ரெண்டு தெரு தள்ளி ஒரு நகராட்சிப் பள்ளி இருக்கும்மா."

"எப்பிடி இருக்கு?"

"தெரியல. நான் உள்ள போனதில்ல. இப்ப எனக்கு என்ன பதவி இருக்கு, யாரு கதவத் தொறப்பா?"

அவர் சிரித்தார். பேசுவதற்கு மூச்சு வாங்கியது. "எனக்கு மட்டும் யாரு சார் தொறந்தா? போய் நின்னேன்," என்றார்.

அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த அடுத்த திங்கட்கிழமை அந்த நகராட்சிப் பள்ளி வாசலில் போய் நின்றேன். தலைமையாசிரியை பேரனைச் சேர்க்க வந்தீர்களா என்று கேட்டார். இல்லை, பள்ளிக்கூடத்தைப் பார்க்கத்தான் வந்தேன், இந்தத் தெருக்காரன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சந்தேகப்பட்டதில் தப்பில்லை. சற்று யோசித்துவிட்டு உள்ளே வரச் சொன்னார்.

அவரைப் பற்றிய எத்தனையோ விஷயங்கள் என் நினைவில் இருக்கின்றன. ஆனால் எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது இது ஒன்றுதான். ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்க அதன் பக்கத்தில் குடியிருப்பதே போதிய உரிமை என்று அவர் நம்பினார். இந்த வயதில் நானும் அதை நம்பத் தொடங்கியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் என்னிடம், கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி போனால் இன்னொருத்தி வெளியே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது என்று சொன்னாள். நாளைக் காலை ஒன்பதரை மணிக்குத் தச்சரைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.